மணிக்கூண்டு வரிசை

ஐம்பது படி ஏறிய பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. உள்ளே போகிறவர்களுக்கு வரிசை இருந்தது, கயிறு கட்டியிருந்தார்கள், காவலாளி ஒருவர் வாசலில் நின்று ஒவ்வொருவராக விட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அரை மணி நேரம் அந்த வரிசையில் நின்றபோது மணிக்கூண்டிலிருந்து வெளியே வந்த ஒருவரைக்கூட அவள் பார்க்கவில்லை.

வேறு பக்கம் வழி இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். நானூறு ஐந்நூறு வருஷத்துக் கட்டடம். இறங்குவதற்கு என்று தனிப் படிக்கட்டு வைக்காமலா விட்டிருப்பார்கள்?

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிறவள். இருட்டறையில் உட்கார்ந்து, "இது தெளிவா இருக்கா, முன்னாடி காட்டினது தெளிவா இருந்துதா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, வீட்டில் குழம்புக்கு உப்புப் பார்க்கச் சொல்லும்போதும் அதே குரல் வந்துவிடுகிறது என்று கணவன் கேலி செய்வான். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இதுதான் முதல் பயணம். புறப்படும் முன்பே நாத்தனார் ஃபோனில் ஒரு பட்டியல் அனுப்பிவிட்டாள்: இந்த ஊருக்கு முதல் தடவை போகிறவர்கள் பார்க்க வேண்டிய ஒன்பது இடங்கள். கோட்டைச் சுவர், பழைய சந்தை, கல்பாலம் என்று இரண்டு நாளில் எட்டை முடித்துவிட்டார்கள். மிச்சம் இந்த மணிக்கூண்டுதான்.

எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களை ஏற விடமாட்டோம் என்று காவலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகளுக்கு ஐந்து வயது. வாலு என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

"நீ போயிட்டு வா. நான் இவளைப் பாத்துக்கறேன்," என்றான் கணவன். "ஒன்பதாவதை மட்டும் விட்டுட்டோம்னு தெரிஞ்சா அக்கா என்னை உயிரோட விடமாட்டா."

"உங்க அக்காவுக்காக நான் மூச்சு வாங்கணுமா?"

"உனக்காகத்தான் போயேன். மேல காத்து நல்லா இருக்கும்."

உள்ளே காற்று இல்லை. ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய கல் படிக்கட்டு, திருகாணி மாதிரி சுற்றிச் சுற்றி மேலே போயிற்று. இரண்டு தோளும் சுவரில் உரசின. கைப்பிடிக்குப் பதிலாகத் தடித்த கயிறு ஒன்று சுவரோடு ஓடியது. எத்தனையோ உள்ளங்கைகளின் எண்ணெயும் வியர்வையும் ஏறி அது வழுவழுவென்று, கொஞ்சம் வெதுவெதுப்பாக, யாரோ இப்போதுதான் விட்டுவிட்டுப் போன கை மாதிரி இருந்தது. ஈரக் கல்லின் வாடையும் அதற்கு அடியில் பழைய செம்புப் பாத்திரத்தின் வாடையும் வந்தன. முன்னால் ஒரு ஆணின் முதுகு. முதுகில் பச்சைப் பை. பையின் பக்கவாட்டில் தண்ணீர் பாட்டில். அதற்கு மேலே அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்னால் ஒரு அம்மாள் புதினா மிட்டாய் சப்பிக்கொண்டே ஏறிவந்தாள். அந்த மூச்சு இவள் பிடரியில் பட்டது.

சில சுற்றுகளுக்கு ஒரு தரம் சுவரில் கையகலத்துக்கு ஒரு துவாரம் வந்தது. முதல் துவாரத்தில் குனிந்து பார்த்தாள். கீழே சதுக்கம் வெயிலில் பளபளத்தது. பூவண்டிக்குப் பக்கத்தில் பெஞ்சில் கணவன் உட்கார்ந்திருந்தான். வாலு மஞ்சள் கவுனோடு புறாக்களைத் துரத்திக்கொண்டிருந்தாள். பார்த்தவளுக்குச் சிரிப்பு வந்தது. கை ஆட்டினாள். அவர்கள் பார்க்கவில்லை.

வரிசை ஏறியது. நின்றது. மறுபடி ஏறியது.

இரண்டாவது துவாரத்தில் வெயில் மஞ்சளித்துப்போயிருந்தது. அவள் உள்ளே நுழைந்தபோது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. இப்போது மணிக்கூண்டின் நிழல் சதுக்கத்தின் எதிர்ப்பக்கத்தில் நீளமாக விழுந்து கிடந்தது. கணவன் எழுந்து நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். வாலு அவன் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

மேகம் ஏதாவது மறைத்திருக்கும் என்று நினைத்தாள். ஆனால் மேகம் நிழலை இடம் மாற்றாது என்பது அவளுக்குத் தெரியும்.

"ஏங்க," என்று முன்னாலிருந்த முதுகைக் கூப்பிட்டாள். "மேல ஏதாவது பிரச்சினையா? ஏன் இவ்வளவு நேரம்?"

"மேல இருக்கறவங்க இறங்கணும்ல," என்றது முதுகு. அந்த மனிதர் திரும்பவில்லை. திரும்ப இடமும் இல்லை. "அவங்க இறங்கினதும் நாம போயிடலாம்."

"நீங்க எப்ப ஏறினீங்க?"

"இப்பதாங்க. என் பையன் கீழ நிக்கிறான். நாலு வயசு, நீலச் சட்டை. நீங்க ஓட்டை பக்கம்தானே நிக்கிறீங்க, தெரியறானா பாருங்களேன்."

பார்த்தாள். சதுக்கத்தில் நீலச் சட்டைப் பையன் யாரும் இல்லை.

"எங்க நிப்பான்?"

"குதிரை வண்டி நிக்கிற இடத்துல."

குதிரை வண்டி எதுவும் இல்லை. அவள் பார்த்த நாளிலிருந்து, அதாவது இன்று காலையிலிருந்து, அங்கே குதிரை வண்டி இருக்கவே இல்லை. அவர் பையைப் பார்த்தாள். பச்சைத் துணி தையல் ஓரங்களில் சாம்பலாக வெளுத்திருந்தது. பாட்டிலின் அடியில் ஒரு விரற்கடை தண்ணீர் நின்றது. அதில் பாசி பிடித்திருந்தது.

இறங்கிவிட வேண்டும், ஒன்பதாவது இடமும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம் என்று தோன்றியது. கழுத்தை எவ்வளவு திருப்ப முடியுமோ அவ்வளவு திருப்பி, "அம்மா, கொஞ்சம் வழி விடுங்க. நான் இறங்கணும்," என்றாள்.

"எனக்குப் பின்னாடியும் ஆள் நிக்குதும்மா. நான் எங்க ஒதுங்கறது?"

"அவங்ககிட்ட சொல்லுங்களேன். குழந்தை கீழ இருக்கு."

அந்த அம்மாள் பின்னால் சொன்னாள்: "இறங்கணுமாம்." அதற்குப் பின்னால் ஒரு குரல், "இறங்கணுமாம்." பிறகு ஒரு ஆண் குரல். பிறகு ஒரு கிழக்குரல். "இறங்கணுமாம்... இறங்கணுமாம்..." சுற்றுக்குச் சுற்று அந்த வார்த்தை தேய்ந்துகொண்டே கீழே போயிற்று. அவள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் ஏறியது மிஞ்சிப்போனால் நூறு படி. நூறு படியில் எத்தனை பேர் நிற்க முடியும்? குரல்கள் நிற்கவில்லை. கொசு ரீங்காரம் அளவுக்கு மெலிந்த பிறகும் போய்க்கொண்டே இருந்தன.

வெகுநேரம் கழித்துப் பதில் ஏறி வந்தது. ஒவ்வொரு வாயாக, அவசரமே இல்லாமல்.

"ஏறச் சொல்றாங்க," என்றாள் அந்த அம்மாள். இப்போது அவள் மூச்சில் புதினா வாசனை இல்லை. மூச்சே படவில்லை.

முன்னால் வரிசை நகர்ந்தது. அவள் நகர மாட்டேன் என்று கயிற்றை இறுக்கிப் பிடித்து நின்றாள். பின்னாலிருந்து யாரும் தள்ளவில்லை, திட்டவில்லை. ஒரு கனம் மட்டும் மெதுவாக முதுகில் வந்து சாய்ந்தது. ஒரு ஆளின் கனம் அல்ல, வரிசை முழுவதன் கனம். விலா எலும்பு சுவரில் நெரிந்தது. கால் தானாக அடுத்த படிக்குப் போயிற்று.

மூன்றாவது துவாரத்தில் இருட்டு. சதுக்கத்து விளக்குகள். சீருடைக்காரர்கள் நாலைந்து பேர். நடுவில் கணவன் கையை ஆட்டி ஆட்டி மணிக்கூண்டைக் காட்டிக்கொண்டிருந்தான். தோளில் குழந்தை தூங்கிவிட்டிருந்தது. காவலாளி உதட்டைப் பிதுக்கித் தலையாட்டினார்.

"ஏங்க! இங்க இருக்கேன்!" தொண்டை கிழியக் கத்தினாள். "வாலு! அம்மா இங்க!"

அவளுக்கு முன்னாலும் பின்னாலும் ஒருவரும் ஏன் கத்துகிறாய் என்று கேட்கவில்லை.

கால் வலிக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். பசிக்கவில்லை. தாகம் இல்லை. அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

நான்காவது துவாரம். பகல். பெஞ்சுக்கு வேறு நிறம் அடித்திருந்தார்கள். பூவண்டி இல்லை. கணவன் ஒரு காகிதத்தைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். கையை முழுக்க நீட்டி, தலையைப் பின்னுக்கு இழுத்து. ஒரு நாளைக்குப் பத்துப் பேரையாவது அவள் கடையில் அப்படிப் பார்க்கிறாள். நாற்பதைத் தாண்டியவர்கள் பிடிக்கிற பிடி அது. அவனுக்கு முப்பத்திரண்டு வயது. காலையில் முப்பத்திரண்டு.

பக்கத்தில் அவன் தோள் உயரத்துக்கு ஒரு பெண் நின்றாள். ஒரு கால் விரலால் மறுகாலின் பின்புறத்தைச் சொறிந்துகொண்டு. அப்படி நிற்காதே, விழுந்துவிடுவாய் என்று தினமும் வாலுவைத்தான் அவள் அதட்டுவாள்.

அவள் அழுதாள். சத்தம் வராமல், கல்லில் நெற்றியை வைத்து. கனம் வந்து சாய்ந்தது. ஏறினாள்.

ஐந்தாவது துவாரம் வருவதற்குள் ஃபோனை எடுத்துவிட்டாள். கையை மடக்கிப் பைக்குள் விடவே சுற்றுப் பாதி ஆயிற்று. துவாரத்துக்கு நேராகப் பிடித்தாள். சிக்னல் ஒரே ஒரு கோடு. கீழே அதே பெஞ்சில் அவர்கள் இருவரும் இருந்தார்கள். அவன் தலை நரைத்திருந்தது. நம்பரை அழுத்தினாள். மணி அடித்தது. அவன் சட்டைப்பைக்குள் கை விடுவது தெரிந்தது.

"ஹலோ?"

"ஏங்க, நான்தான். நான்தாங்க. மேல மாட்டிக்கிட்டேன். யாரையாவது கூட்டிட்டு—"

"ஹலோ? யாரு?"

"நான்தான்! கேக்குதா?"

"இதே மாதிரி எத்தனை தடவைங்க பண்ணுவீங்க?" என்றான். குரல் கோபமாக இல்லை, களைத்திருந்தது. "வருஷா வருஷம் இங்க வந்து உக்காரும்போதெல்லாம் கூப்பிடறீங்க. நம்பரும் வரல, மூச்சு விடற சத்தம் மட்டும்தான் வருது. தயவுசெஞ்சு விட்டுடுங்க."

அவள் இதுவரை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.

கீழே பக்கத்திலிருந்த பெண் அவன் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கினாள். காதில் வைத்தாள். கேட்டாள். அவள் உடம்பு முழுக்க நிமிர்வதை இவ்வளவு உயரத்திலிருந்தும் பார்க்க முடிந்தது.

"அம்மா?"

ஐயோ, என்ன குரல். பதினாறு வயதுக் குரல்.

"அம்மா, நீயா? எங்க இருக்கே?"

"மேலே," என்றாள். யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. "மேலே இருக்கேன் கண்ணு."

லைன் அறுந்தது.

அந்தப் பெண் ஃபோனைக் கீழே போட்டாள். மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்தாள். பிறகு ஓடினாள். கணவன் எழுந்து பின்னால் ஓடினான்; முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"வராதே! வாலு, வராதேடி! போ!"

துவாரத்தில் வாயை வைத்துக் கத்தினாள். பல் கல்லில் இடித்தது. உதட்டில் உப்புக் கரித்தது.

வாசலில் இன்றைக்கு வரிசை இல்லை. காவலாளி மட்டும் நின்றார். அதே காவலாளி. ஒரு முடி நரைக்கவில்லை. ஓடிவந்த பெண்ணைத் தடுக்கவில்லை. வயது கேட்கவில்லை. கயிற்றைத் தூக்கிப் பிடித்தார்.

மகளின் தலை மட்டும் ஒரு கணம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

படிக்கட்டு முழுக்க அமைதி. பிறகு அடியிலிருந்து, வெகு அடியிலிருந்து, ஒரு குரல் ஏறி வரத் தொடங்கியது. வாய்க்கு வாய். கிழக்குரல். ஆண் குரல். பெண் குரல். கடைசியில் பிடரிக்குப் பின்னால், மூச்சே இல்லாத அந்த அம்மாள் சொன்னாள்:

"புதுசா ஒரு ஆள் ஏறணுமாம். கொஞ்சம் இடம் விடுங்க."

முன்னாலிருந்த பச்சைப் பை நகர்ந்தது. முதுகில் கனம் வந்து சாய்ந்தது. மேலேயும் கீழேயும், கண்ணுக்கு எட்டாத அத்தனை கால்களோடும் சேர்ந்து, அவள் கால் ஒரு படி ஏறிற்று.