வயரின் மறுமுனை

மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் மீட்டரின் சிவப்புப் புள்ளி சிமிட்டிக்கொண்டிருந்தது.

செலின் வாசற்கதவின் பின்னால் நின்று அதையே பார்த்தாள். தூறல் விழுந்தாலே மெயினை அணைத்துவிட்டு மெழுகுவர்த்தி ஏற்றிக்கொள்வது, கணவன் இனிகோ போன பிறகு அவளுக்குப் பழகிவிட்டிருந்தது. கரண்டு ஓடினால்தான் அந்தப் புள்ளி சிமிட்டும் என்று எலக்ட்ரீஷியன் மதன்குமார் சொல்லியிருந்தான். ஃபேன் நின்றுவிட்டது. ஃபிரிட்ஜின் முனகல் அடங்கிவிட்டது. ஈரக்காற்றில் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை சன்னல் வழியாக வந்து, உருகும் மெழுகின் வாசனையோடு கலந்து கூடத்தில் நின்றது. வீட்டில் எதுவும் ஓடவில்லை. புள்ளி மட்டும் நாடியைப் போல அடித்துக்கொண்டிருந்தது.

மீட்டரும் கெட்டுப்போச்சு போல. அப்படி நினைத்துக்கொள்வது அவளுக்கு எளிதாக இருந்தது. பயப்படுவதற்குக்கூட உடம்பில் தெம்பு வேண்டும். அவளிடம் இல்லை.

போன டிசம்பரில் இதே போன்றதொரு தூறலில்தான் இனிகோ மொட்டை மாடியில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டினான். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். பழைய வயரின் நுனியைப் பல்லால் கடித்து உரித்து, பிளக் இல்லாமல் சாக்கெட்டின் ஓட்டைகளில் விட்டு, நழுவாமல் இருக்க ஓட்டைக்கொரு தீக்குச்சியைச் செருகுவான். மகன் ஜெரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கட்டி முடித்ததும் வயரை மெதுவாக இரண்டு முறை இழுப்பான் இனிகோ. விடு என்று அர்த்தம். போன வருஷம் கோயமுத்தூரிலிருந்து ஜெரின் வரவேண்டிய பஸ் வழியில் நின்றுவிட்டது. "அவென் வந்து எப்பக் கட்டுறது? நானே கட்டிர்றேன்" என்று இனிகோ மேலே போனான். பிடிக்க ஆளில்லாததால் மறுமுனையைத் துணி காயப்போடும் இரும்புக் கம்பியில் சுற்றிவைத்தான். டேப் ஒட்டிய இணைப்பு நனைந்து, கம்பி முழுக்கக் கரண்டு ஏறியது. ஒரு கையால் அந்தக் கம்பியைப் பிடித்தபடி இனிகோ நின்றுகொண்டே இருந்தான். ஜெரின் வந்து சேர்ந்தபோது கீழே நாற்காலிகள் போட்டிருந்தார்கள்.

"கரண்டு புடிச்சா கை தானா இறுகிரும்க்கா. நாம விட்டாலும் அது விடாது" என்று பிறகு மதன்குமார் சொன்னான். மாடி சாக்கெட்டைப் பிடுங்கி, குழியைச் சிமெண்டு வைத்துப் பூசியவன் அவன்தான். கம்பியை அறுத்துவிட்டு நைலான் கயிறு கட்டியதும் அவன்தான். ஸ்டாரை செலினே கிழித்துக் குப்பை வண்டியில் போட்டாள்.

சாவு விழுந்த துஷ்டி வீட்டில் வருஷப் பூசை முடியும்வரை ஸ்டார் கட்டமாட்டார்கள். பூசைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அதற்குத்தான் ஜெரின் இன்று லீவு போட்டு வருகிறான்.

சுற்றுச்சுவருக்கு அந்தப்பக்கமிருந்து ரஃபியாவின் குரல் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி.

"அக்கா, ஸ்டார் போட்டாச்சா? சொல்லவே இல்ல?"

"எங்க வீட்லயா?"

"பின்ன எங்க வீட்லயா? பிள்ளைக ரெண்டும் சன்னல விட்டு நகர மாட்டேங்குதுக. நல்ல செகப்புக்கா. அண்ணன் போடுவாங்கள்ல, அதே மாதிரி."

சொல்லிவிட்டு ரஃபியாவே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நான் போடலம்மா" என்றாள் செலின்.

பிறகு ரஃபியா சன்னலைச் சாத்தும் சத்தம். கொக்கி போடும் சத்தம்.

செலின் முற்றத்தில் இறங்கி அண்ணாந்து பார்த்தாள். கைப்பிடிச் சுவர் மறைத்தது. ஆனால் தண்ணீர்த் தொட்டியின் ஈரமான கறுப்பு வயிற்றில் ஒரு சிவப்பு வெளிச்சம் ஊர்ந்துகொண்டிருந்தது. தூரத்தில், மலைக்கோட்டைப் பக்கத்துத் தெரு ஒன்றில், கோயில் கிறிஸ்துமஸ் பாட்டுக் குழுவின் டிரம் சத்தம். ஸ்டார் எரியும் வீடுகளுக்குள் வந்து பாடுவார்கள். துஷ்டி வீட்டைச் சத்தமில்லாமல் கடந்துபோவார்கள்.

கேட் கிரீச்சிட்டது. முதுகுப் பையும் நனைந்த சட்டையுமாக ஜெரின்.

"என்னம்மா, என்னையக் கட்டவேணாம்னு போன்ல அம்புட்டு சத்தம் போட்டுட்டு, நீயே கட்டிட்டியா?"

"நான் கட்டலடா. நீ உள்ள வா. தலையத் தொவட்டு."

"அப்ப எவென் கட்டுனது?" அவன் சிரித்தான். அப்பாவின் சிரிப்பு. "நம்ம பயலுக வேலையா இருக்கும். இரு, பாத்துட்டு வாரேன்."

"ஜெரினு, வேணாம். ஈரமா இருக்கு."

"மெயினே ஆஃப்லதானம்மா இருக்கு? அப்புறம் என்ன? செருப்புப் போட்டுத்தான் போறேன். நீ வெஞ்சனத்தச் சூடு பண்ணு, பசி கொல்லுது."

அவன் படியேறினான். செருப்பின் சப்தம் வளைவில் திரும்பி, மேலே போய், நின்றது.

செலின் மீட்டரிடம் ஓடினாள். புள்ளி இப்போது வேகமாக அடித்தது. ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினாள். மீட்டருக்கு மேலே, கம்பத்திலிருந்து வரும் லைனில், பீங்கான் பியூஸ் கட்டை இருந்தது. அதைத் தொடக்கூடாது என்று மதன்குமார் சொல்லியிருந்தான். காய்ந்த துணியைச் சுற்றிப் பிடுங்கினாள். கனமாக, சில்லென்று கைக்குள் வந்தது.

வீட்டுக்கும் கம்பத்துக்கும் இனி எந்தத் தொடர்பும் இல்லை.

புள்ளி சிமிட்டியது.

"அம்மா." மேலேயிருந்து ஜெரினின் குரல். குழம்பிய குரல். "நைலான் கயிறு கட்டிருக்குன்னு சொன்ன?"

"ஆமாடா."

"இங்க கம்பிதானம்மா இருக்கு?"

அவள் படியில் கால் வைத்தாள். முழங்கால் வலித்தது. சுவரைப் பிடித்து ஏறினாள். சுவர் லேசாக அதிர்ந்தது. உள்ளங்கையில் எறும்பு ஊர்வதுபோல. கையை எடுத்துக்கொண்டாள்.

"எதையும் தொடாத. கீழ வா. ஜெரினு!"

இன்னொரு குரல்தான் வந்தது. தொண்டையில் சளி கட்டியது போன்ற, பல்லிடுக்கில் வயரைக் கடித்துக்கொண்டு பேசும் குரல். முப்பது வருஷம் கேட்ட குரல்.

"ஏலே, வந்துட்டியா? செத்த இந்த முனையப் புடிடா."

டிரம் சத்தம் தெருமுனையில் திரும்பியது. சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்துவிட்டார்கள். இந்த வீட்டுக்குத்தான் வருகிறார்கள்.

கடைசிப் படி.

ஸ்டார் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கிழித்த ஸ்டார். கிழிசல்கள் வழியே வெளிச்சம் கோடு கோடாக ஒழுகியது. அதன் கீழே, சுவருக்குச் சுவர், துருப்பிடித்த இரும்புக் கம்பி. கம்பி நெடுகிலும் மழைத்துளிகள். ஒரு துளிகூடக் கீழே விழவில்லை. எல்லாம் நடுங்கிக்கொண்டு நின்றன.

சாக்கெட் இருந்த இடத்தில் மதன்குமார் பூசிய சிமெண்டு அப்படியே இருந்தது. வழவழப்பாக. அதிலிருந்து இரண்டு தீக்குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் அடியிலிருந்து வயர் புறப்பட்டு, ஸ்டாருக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்த இருட்டுக்குள் போய், திரும்பி வந்தது.

ஜெரினிடம்.

அவன் அவளுக்கு முதுகு காட்டி நின்றான். சின்ன வயதில் நிற்பது போலவே, ஒரு கையை உயர்த்தி, முனையைப் பிடித்துக்கொண்டு. செருப்புகள் ஓரமாகக் கிடந்தன. வெறுங்கால்கள் தேங்கிய நீரில் நின்றன. பிடரி மயிர் குத்திட்டிருந்தது. முடி கருகும் வாசனை.

"ஜெரினு. விடு. விட்டுட்டு வா சாமி."

வாசலில் டிரம் நின்றுவிட்டது. யாரும் பாடவில்லை. கேட்டுக்கு வெளியே அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

தொட்டிக்குப் பின்னாலிருந்து வயர் மெதுவாக இழுபட்டது. ஒரு முறை. இன்னொரு முறை.

விடு என்று அர்த்தம்.

ஜெரினின் விரல்கள் இன்னும் இறுகின. தலையை மட்டும், மிகச் சிரமப்பட்டு, அவள் பக்கம் திருப்பினான். பற்கள் கிட்டித்திருந்தன. அவற்றின் இடுக்கில் சிவப்பாக வெளிச்சம் தெரிந்தது.

"அப்பா விடச் சொல்றாரும்மா" என்றான். "கைதான் விடமாட்டேங்குது."

செலினின் கையில் பியூஸ் கட்டை மெல்ல, மெல்லச் சூடாகத் தொடங்கியது.