அட்டையில் விழாத ஆயில்

அட்டை சுத்தமாக இருந்தது. மெக்கானிக்குக்கு அதுதான் பிடிக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் அக்காவின் காருக்கு அடியில் அவனே முட்டிபோட்டு விரித்த வெள்ளை அட்டை அது. ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் காட்டிக்கொடுத்திருக்கும். ஆனால் அளவுக் கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தால், மேல்கோட்டில் நின்ற ஆயில் ஒரே ராத்திரியில் கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருந்தது. வண்டி நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. ஷெட் சாவி அவன் பையில்தான் இருந்தது.

என்ஜினிலிருந்து ஆயில் போக மூன்று வழிதான் உண்டு. வெளியே ஒழுக வேண்டும், உள்ளே எரிய வேண்டும், இல்லையென்றால் ரேடியேட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். புகைக்குழாயில் கைக்குட்டையைப் பிடித்துப் பார்த்தான், கறை இல்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினான், காய்ந்து கிடந்தன. தண்ணீர் தெளிவாக இருந்தது. இருபது வருஷமாக இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவனுக்கு நாலாவது வழி ஒன்று இருப்பதாக யாரும் சொன்னதில்லை.

மூன்று வாரத்துக்கு முன்பு காரைக் கொண்டுவந்து விட்டபோது அக்கா தலையைக் குனிந்துகொண்டுதான் பேசினாள். அவள் கணக்கு டீச்சர். வகுப்பில் அவள் குரலுக்கு எல்லாரும் நடுங்குவார்கள் என்று கேள்வி.

"நான்தான் ஏதோ தப்பு பண்றேன் போலடா தம்பி. அவர மாதிரியே நானும் ஆயில் பாக்காம ஓட்டிடுவேனோன்னு பயமா இருக்கு."

அவர் என்றால் அவள் புருஷன். இவனுக்கு மாமா. 'அவர மாதிரியே' என்ற அந்த வார்த்தை இவன் நெஞ்சில் இறங்கியது. ஏனென்றால் மாமா ஆயில் பார்க்கமாட்டார் என்ற பொய்யைப் பெற்று வளர்த்தவன் இவன்தான்.

இந்த ஷெட்டில் ஒரு பழக்கம் உண்டு. போல்ட்டை ஸ்பேனர் போட்டு இறுக்கியபின், அதன் தலையில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுப்பார்கள். கோடு இருந்தால் இறுக்கியாயிற்று என்று அர்த்தம். யாரும் மறுபடி தொட்டுப் பார்க்க மாட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் மாமாவின் வேனுக்கு ஆயில் மாற்றியபோது, ஆயில் ஒழுகாமல் அடைக்கிற அடிப்பக்கத்து போல்ட்டைக் கையால் மட்டும் திருகிவிட்டு, பெயின்ட் டப்பா பக்கத்தில் இருக்கிறதே என்று கோட்டை முதலில் போட்டுவிட்டான். அப்புறம் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வந்து பார்த்தான், கோடு இருந்தது. மாமா முதுகில் தட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

சரிவு ரோட்டில் பாதி வழியில் என்ஜின் இறுகி நின்றது. பின்னால் லாரி வந்தது.

விபத்தை விசாரிக்கிற அதிகாரி வருவதற்குள் இவன் நொறுங்கிய வேனுக்கு அடியில் படுத்து, காலியாய் இருந்த ஓட்டையில் பழைய போல்ட் ஒன்றை மாட்டி, அதற்கும் மஞ்சள் கோடு போட்டான். மாமா ரொம்ப நாளாக ஆயில் மாற்ற வரவே இல்லை, சொன்னால் கேட்கிற ஆள் இல்லை என்றான். எல்லாரும் நம்பினார்கள். அக்கா அழுதுகொண்டே செத்துப்போன மாமாவைத் திட்டினாள். இவன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

இப்போது மத்தியானம் மூன்று மணி. கசிவைக் கண்டுபிடிக்கக் கடைசியாக ஒரு வழி இருந்தது. முந்தின நாள் ஆயிலில் ஒரு சாயம் கலந்திருந்தான்; இருட்டில் நீல விளக்கை அடித்தால், ஆயில் எங்கே பட்டிருந்தாலும் பச்சையாய் மின்னும். ஷட்டரை இழுத்துவிட்டான். தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொள்ளும் சத்தம், பழைய கிரீஸின் புளித்த வாசனை, அதற்குக் கீழே எங்கேயோ மெதுவாக, நிதானமாக, விட்டுவிட்டுக் கேட்கிற ஒரு சொட்டுச் சத்தம். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். சத்தமும் நின்றது. மூச்சை விட்டான். சொட்டு.

விளக்கைப் போட்டான். என்ஜினின் மேல், பக்கம், அடி எல்லாம் இருட்டு. ஒரு புள்ளிகூட மின்னவில்லை. விளக்கைத் திருப்பினான். கை கழுவும் தொட்டியில் பச்சை. காலையில் அவன் வாய் கொப்பளித்த இடம்.

எழுந்ததிலிருந்து நாக்கில் ஒரு கசப்பு இருந்தது. பித்தம் என்று நினைத்திருந்தான்.

தொட்டிக்கு மேல் கண்ணாடி. பார்க்கக் கூடாது என்று நினைத்தான். பார்த்தான். உதடு பச்சை. பல் இடுக்கெல்லாம் பச்சை. வாயைத் திறந்தான். நாக்கு, உள்நாக்கு, அதற்கும் கீழே.

ஷட்டரைத் தட்டினார்கள். விளக்கு கையிலிருந்து விழுந்தது.

ஷட்டரைத் தூக்கினான். அக்கா. பள்ளிக்கூடத்தில் அவசரக் கூட்டமாம். ஆட்டோ கிடைக்கவில்லை, காரை எடுத்துப் போகிறேன் என்றாள். வேண்டாம் என்று தலையாட்டினான்.

"ஆயில் ஊத்தி வச்சிருப்பல்ல? போய்ட்டு வந்து விட்டுடறேன். உன் கை பட்டா எனக்குப் பயமில்லடா."

அவன் அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தான், தைரியம் வரவில்லை. அவன் நெஞ்சுக்குள் ஏதோ கனமாக நிறைந்துகொண்டிருந்தது. அவள் ஸ்டார்ட் செய்து வெளியே எடுத்தாள். டாஷ்போர்டில் ஆயில் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

எரியாது. அந்த விளக்குக்குப் போகிற வயரைச் சோதனைக்காகக் கழற்றியவன் திரும்ப மாட்டவில்லை.

கார் கேட்டைத் தாண்டியது. சரிவுப் பக்கம் திரும்பியது.

ஓடினான். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டான். போல்ட், கோடு, பொய், எல்லாம். மாமா மேல் தப்பில்லை. நிறுத்து. இறங்கு. கையைத் தூக்கி, வாயைத் திறந்து கத்தினான்.

குரல் வரவில்லை. வெதுவெதுப்பாக ஆயில் வந்தது. கறுப்பாக. கெட்டியாக. மோவாயில் வழிந்து, சட்டையில் இறங்கி, மண்ணில் கொட்டியது. துப்பினான். இன்னும் வந்தது. விரலை விட்டுத் தோண்டினான். நிற்கவில்லை.

அக்கா பக்கக் கண்ணாடியில் அவன் தூக்கிய கையைப் பார்த்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி டாட்டா காட்டினாள். சரிவில் இறங்கிக்கொண்டிருந்த காரின் என்ஜினிலிருந்து, ஆயில் இல்லாத இரும்பு இரும்பை அடிக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அவன் வாயிலிருந்து இன்னும் வந்துகொண்டிருந்தது.