எல்லாம் நல்லாருக்கு மேடம்!

மழையும் கலையரசியும் மாதனூர் நிறுத்தத்துக்கு ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். குடை மட்டும் சென்னையில், அவள் பொது சுகாதாரம் படிக்கும் பல்கலைக்கழக விடுதியில் பத்திரமாக இருந்தது. ஷூ கம்பெனி பஸ் நின்றதும் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தொழிலாளர்களின் உடல்நலம்தான் அவளுடைய ஆய்வு.

"மேடம், அது என் சீட்டு."

நிமிர்ந்தாள். நெற்றியில் சொட்டும் ஈரமுடி... சிரிப்பை ஒளிக்கத் தெரியாத கண்கள்...

"பேர் எழுதியிருக்கா?"

"ஆறு வருஷமா ஒக்கார்றேன். சீட்டுக்கே தெரியும். இளம்பரிதி, பேஸ்டிங் செக்ஷன்."

அவள் நகரவில்லை. படிவங்கள் செருகிய அட்டையையும் பேனாவையும் எடுத்து, "யாருக்காவது தலைவலி, முதுகுவலி இருக்கா?" என்றாள்.

எல்லாக் கண்களும் அந்த அட்டை மேல் போயின. இளம்பரிதி தொண்டையைக் கனைத்தான். "எல்லாம் நல்லாருக்கு மேடம்!"

"நல்லாருக்கு மேடம்!" என்றது பஸ்.

நாற்பத்திரண்டு படிவங்கள். ஒருவருக்கும் ஒரு வலியும் இல்லை. உலகத்திலேயே ஆரோக்கியமான பஸ்!

"இது ஆய்வா, வாழ்த்து மடலா?" என்றார் பேராசிரியர் போனில். "வெள்ளிக்கிழமைக்குள்ள உண்மையான பதில் வரலன்னா, அடுத்த வருஷம்தான்மா பட்டம்."

மறுநாள் அதே சீட்டு. அதே மழை. "இருபது வருஷமா குனிஞ்சு தைக்கிற அம்பிகா அக்காவுக்கு முதுகுவலியே இல்லையாம்! ஆரம்பிச்சு வச்சது நீங்கதானே?" என்று இளம்பரிதியிடம் பொரிந்தாள்.

"அட்டையோட யார் வந்தாலும் எங்களுக்கு கம்பெனியைச் சோதிக்க வர்ற ஆடிட்டு மேடம். நல்லாருக்குன்னு சொல்லியே பழகிப்போச்சு... பேஜார் பண்ணிட்டேன். நான் சொல்லிப் பார்க்கட்டுமா?"

"உங்க சிபாரிசு வேணாம்."

தானே கேட்டாள். எல்லாரும் நல்லாவே இருந்தார்கள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்... கண்ணாடியில் வழிந்தது மழை. கன்னத்தில் வழிந்தது மழையில்லை.

அதைப் பார்த்ததும் இளம்பரிதியால் சும்மா நிற்க முடியவில்லை.

"இவங்க ஆடிட்டு இல்ல, படிக்கிற பொண்ணு! பேர் வேணாம், நம்பர்தான். ஒண்ணாம் நம்பர் நானு. பசை வாசனைக்கு டெய்லி சாயந்தரம் தலைவலி. எழுதுங்க!"

"எனக்கு இடுப்பே இல்லம்மா, வலி மட்டும்தான் இருக்குது," என்றார் அம்பிகா அக்கா.

பஸ் மொத்தமும் தன் வலிகளைக் கொட்டியது. பேனா ஓடியது. ஆம்பூர் வந்தபோது அவள் விரல்தான் வலித்தது.

எல்லாரும் இறங்கினார்கள். அவன் மட்டும் நின்றான்.

"வேற ஏதாவது தொந்தரவு இருக்கா, ஒண்ணாம் நம்பர்?"

"நெஞ்சு படபடப்பு... ஜாஸ்தியா."

"எத்தனை நாளா?"

"ரெண்டு நாளா. இந்த பஸ்ல மட்டும். என் சீட்டைப் பார்த்தா..."

அவள் எழுதவில்லை. சிவந்த முகத்தை அட்டைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"இது ஒட்டுவாரொட்டிங்க..."

"எப்டி சொல்றீங்க?"

"எனக்கும் வந்துடுச்சே!"