சாட்சி சொன்ன முன்பல்

செல்போன் அலறியது.

பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கிளினிக் கதவை அப்போதுதான் திறந்திருந்தாள் பல் டாக்டர் சுபா.

"டாக்டர், சப்-இன்ஸ்பெக்டர் வீரமணி பேசறேன். ஒரு செயின் பறிப்பு. திருடன் சிக்கிட்டான். பல்லும் சிக்கிடுச்சு. ரெண்டும் ஒண்ணான்னு நீங்க சொல்லணும்."

"வாங்க சார்..."

பத்தாவது நிமிஷம் ஜீப் வந்து நின்றது.

முதலில் இறங்கியவள் காசியம்மாள். தக்காளி விவசாயி. கழுத்து வெறுமையாக இருந்தது. கண்ணில் அழுகை இல்லை... கோபம்.

"என்னம்மா நடந்துச்சு?"

"விடியக்காலம் இருட்டுல மார்க்கெட் வாசல்ல தக்காளிப் பொட்டி, அந்த பிளாஸ்டிக் கிரேடு எறக்கிட்டு இருந்தேனுங்க டாக்டரம்மா. மங்கி கேப் போட்டவன் ஒருத்தன் பின்னால வந்து செயினை அறுத்தான். கையில இருந்த காலி கிரேடாலயே மூஞ்சியில ஒண்ணு வெச்சேன். ஆளு ஓடிட்டான். பல்லு கிரேடுக்குள்ள கிடந்துச்சு."

வீரமணி ஒரு பிளாஸ்டிக் கவரை மேஜையில் வைத்தார்.

உள்ளே, வேரோடு ஒரு முன்பல்.

அடுத்து, ஒரு போலீஸ்காரரின் பிடியில் லாரி டிரைவர் மரிய ஆனந்த் உள்ளே வந்தான். உதடு வீங்கியிருந்தது. மேல் வரிசையில் முன்பல் ஒன்று இல்லை. ஈறில் ரத்தம்.

"நான் இல்லீங்க. லைசென்ஸை வூட்ல வெச்சிட்டு வந்துட்டேன். போலீஸைப் பார்த்ததும் லாரியிலருந்து குதிச்சேன். வாய் தரையில மோதிருச்சு. பல்லு போயி நாலு வருஷம் ஆச்சுங்க."

"எல்லாத் திருடனும் இதைத்தான் சொல்வான்" என்றார் வீரமணி.

"சார்... சாயங்காலம் சர்ச்ல என் கொழந்தைக்கு ஞானஸ்நானம்."

சுபா நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காருங்க. வாயை மெதுவா திறங்க."

சின்ன சென்சாரை ஈறுக்குப் பின்னால் வைத்து பட்டனை அழுத்தினாள். திரையில் கறுப்பு வெள்ளையாய்த் தாடை எலும்பு.

"சார், இன்னிக்குக் காலையில பல்லு விழுந்திருந்தா எலும்புல கறுப்பா ஒரு குழி தெரியணும். இங்க குழியே இல்ல. எலும்பு வளர்ந்து மூடி வருஷக்கணக்காச்சு. ஈறுல இருக்கறது வெறும் சிராய்ப்பு."

வீரமணியின் மீசை தொங்கியது.

"அப்ப இந்தப் பல்லு யாருது?"

"அதையே கேட்டுடுவோம்."

கவரிலிருந்த பல்லுக்கும் ஒரு எக்ஸ்ரே.

படம் வந்தது.

சுபா படத்தைப் பெரிதாக்கினாள்.

வேருக்குள்... வெள்ளையாய் ஒரு ஊசித் துண்டு.

"என்ன டாக்டர்?"

"இது... என் கை வேலை சார். போன வருஷம் ஒருத்தருக்கு வேர் சிகிச்சை பண்றப்ப ஊசி முனை உடைஞ்சு உள்ளயே நின்னுடுச்சு. அவர்கிட்டயும் சொல்லிட்டேன். அந்தப் படம் இங்கயே இருக்கு."

பழைய படத்தைத் தேடித் திறந்து பக்கத்தில் வைத்தாள்.

அதே வேர். அதே துண்டு.

கீழே பெயர்... பெரியண்ணன்.

காசியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"எங்க வூட்டுக்காரர் பேரு மாதிரியே இருக்கு..."

"அவர்தான்மா. மனைவி பேரு காசியம்மாள்னு இங்க பதிவுல இருக்கு" என்றாள் சுபா மெதுவாக.

"அவரு விடியறதுக்கு முன்னாலயே பென்னாகரம் போறேன்னு கெளம்பிட்டாருங்களே..."

சொல்லிக்கொண்டே காசியம்மாள் போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"பென்னாகரத்துலதான்... காத்தி."

'சி' வரவேண்டிய இடத்தில் காற்று வந்தது.

"பல்லு எங்க?"



"தப்புதான் காத்தி. அந்தத் தெயினை அழிச்சு மகளுக்கு வளையல் பண்ண இன்னிக்கு நகைக்கடைக்குப் போறேன்னியே... கல்யாண நாளுக்கு நான் வாங்கிக் குடுத்தது தங்கமில்ல. கவரிங்கு."

வீங்கிய உதட்டோடு மரிய ஆனந்த் சிரித்துவிட்டான். வீரமணி அவன் தோளில் தட்டி வாசலைக் காட்டினார்.

"நீ சர்ச்சுக்குக் கெளம்பு. லைசென்ஸோட லாரி ஓட்டு. ஏம்மா, உங்க வூட்டுக்காரர் மேல கேஸ் போடவா?"

"வேண்டாம்ங்க." காசியம்மாள் போனில் சொன்னாள். "நேரா டாக்டரம்மா கிளினிக்குக்கு வாங்க."

பிறகு சுபாவிடம் திரும்பினாள்.

"மனுஷனுக்கு மொத்தம் எத்தனை பல்லுங்க?"

"முப்பத்திரண்டு. அவருக்கு இப்ப முப்பத்தொண்ணு."

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள் காசியம்மாள்.

"மிஷினை அணைச்சுடாதீங்க டாக்டரம்மா. முப்பத்தொண்ணுக்கும் வேலை வருது."