மேகத்தில் பட்ட விரல்

கட்டைவிரல்தான்... வெறும் கட்டைவிரல். அது ஸ்டெல்லாமேரியின் தோளுக்கு மேலாக நீண்டு வந்து, அவள் அப்போதுதான் தீட்டி முடித்திருந்த மேகத்தின் ஓரத்தை மெல்ல இழுத்துவிட்டது.

திரும்பினாள். நெட்டையான ஒருவன். கலைந்த தலை, மை எழுதியது போன்ற கண்கள், விரல் நுனியில் அவளுடைய வெள்ளை.

"யாரைக் கேட்டுத் தொட்டீங்க?"

"ஓரம் வெட்டி ஒட்டுனாப்ல இருந்துது... அதான்..."

மிச்சத்தை அவள் கேட்கவில்லை. கையிலிருந்த தூரிகையால் அவன் சட்டையில் குறுக்காக ஒரு சாம்பல் கோடு இழுத்தாள். கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். படத்தையும் வண்ணப் பெட்டியையும் வாரிக்கொண்டு விடுவிடுவென்று போய்விட்டாள்.

வீட்டில் படத்தைச் சுவரில் சாய்த்துப் பார்த்தபோதுதான் உண்மையான கோபம் வந்தது. அவன் விரல் பட்ட இடத்தில் மட்டும் மேகம் மிதந்தது. மற்ற இடமெல்லாம் பஞ்சு.

பள்ளிக்கூட நாளில் ஓவிய வாத்தியார் இப்படித்தான் அவள் படத்தை வாங்கி, வானம் முழுவதையும் தன் கையால் திருத்தினார். அதற்குப் பரிசு கிடைத்தது. அப்பா ஆரோக்கியம் அதைச் சட்டம் போட்டு மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் மகள் வரைந்தது என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார். அவளால் அதை நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை. இப்போது இன்னொருவன்...

கத்தியை எடுத்து மேகத்தைச் சுரண்டி எறிந்தாள்.

எழுபத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி மாதம் அது. மாதம் முழுக்கக் கோபத்திலேயே வரைந்தாள். நீலத்தில் கொஞ்சம் செம்மண் நிறம் கலந்து, மேகத்தின் வயிற்றுக்குச் சாம்பல் எடுத்தாள். வெயில் பட்ட தலைக்கு வெள்ளையில் துளி மஞ்சள். ஈரம் காய்வதற்குள் உலர்ந்த தூரிகையால் ஓரங்களைக் கலைத்தாள். மேகம் மெல்ல மெல்ல அவள் கைக்கு அடங்கியது. சே... நடுநடுவே அந்தக் கண்கள் எதற்கு நினைவுக்கு வருகின்றன?

மழை விட்ட ஒரு சாயங்காலம், கடற்கரையில் அவள் வரைந்துகொண்டிருந்தபோது, அவன் மறுபடி வந்தான். பெயர் யூஜின் என்றான். ஓர் ஆபீசில் வரைபடம் போடுகிறவனாம். பல நாள் வந்து, தூரத்திலிருந்தே அவள் முகத்தைப் பார்த்துப் பயந்து திரும்பினானாம். கையில் ஓர் எண்ணெய் ஓவியம். தேங்காய்த்திட்டுக் கழிமுகத்தில் நிற்கும் படகுகளுக்கு மேல் கறுத்துத் திரண்ட வானம். நல்ல வானம்... அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"நான் போட்டதுல எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான். நீங்க என்ன வேணா பண்ணிக்குங்க."

செய்ய மாட்டாள் என்ற தைரியம்! தூரிகை நிறைய வெள்ளையை அள்ளி, அந்த வானத்தின் நடுவே ஒரே இழுப்பு இழுத்தாள்.

அவன் தடுக்கவில்லை. ஆனால் உதடு துடித்தது. மை விழிகள் கலங்கின. அந்தக் கோட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"இப்பதாங்க புரியுது... அன்னிக்கு நான் என்ன பண்ணேன்னு."

இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் சொல்லாத வார்த்தை. பரிசு வாங்கிய கதையை, யாரிடமும் சொல்லாததை, அவனிடம் கொட்டினாள். துணியை எடுத்து அவள் அந்த வெள்ளையைத் துடைக்கப் போனபோது, அது அப்படியே இருக்கட்டும் என்றான்.

"எதுக்கு?"

"நீங்க போட்டதாச்சே..."

மறுபடி தூறல். முகத்தில் விழுந்த துளிகளை அவள் துடைக்கவில்லை. இவன் இப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தால் எப்படித்தான் திட்டுவது?

"வேற யாராவது தொட்டிருந்தா ஒரு நாள்ல மறந்திருப்பேன்" என்றாள் கடுகடுவென்று. "ஒரு மாசமா மறக்க முடியல. உங்களைப் புடிச்சிருக்கு... அதான் இவ்ளோ கோவம். போதுமா?"