நடுவில் ஒரு திரை

மூன்று திரைகள் இணைந்திருப்பதாகக் கணினி காட்டியது.

அவள் மறுபடி பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் இருந்த மடிக்கணினியில் பெரிதாக ஒன்று என்ற எண். எதிர்ச்சுவர் டிவியில் மூன்று. இடையில் இருக்கவேண்டிய இரண்டு எங்கும் தெரியவில்லை.

"ரெண்டாவது எங்கடா போச்சு?"

போன் ஸ்பீக்கரில் தம்பி சிரித்தான். "பக்கத்து வீட்டு டிவியில ஏறியிருக்கும்க்கா. இன்னைக்கு அவங்களுக்கு ஓசிப் படம். அத விடு. மாமா வீடியோவ மவுஸால வலது பக்கமா இழுத்துட்டே போ, டிவிக்கு வந்துடும். சாயங்காலம் உன் மாமியார் வர்றதுக்குள்ள ஒருதடவ ஓட்டிப் பாத்துடு."

கணவன் இறந்து எட்டு மாதம். அவனுடைய வீடியோக்களைத் தம்பிதான் ஒரே வரிசையாக, ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக ஓடும்படி சேர்த்துக் கொடுத்திருந்தான். அப்பாவைப் பெரிதாகப் பார்க்கப் போகிறோம் என்று ஆறு வயது மகள் மேசைக்கும் டிவிக்கும் நடுவே, முழங்காலில் மோவாயை ஊன்றித் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

வெயில் விழாதிருக்கத் திரைச்சீலைகளை இழுத்து மூடியதில் கூடம் பழுப்பாகக் கிடந்தது. சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசனையும், சமையலறையில் ஃபிரிட்ஜ் முனகி முனகி அடங்கும் சத்தமும், டிவியின் நீல வெளிச்சம் மகளின் தலைமுடி ஓரத்தில் நடுங்குவதும் தவிர அங்கே வேறெதுவும் இல்லை. அவள் முதல் வீடியோவை இழுத்தாள். அது மடிக்கணினியின் விளிம்பைத் தாண்டி மறைந்தது. டிவிக்கு வந்து சேரவில்லை.

மகள் சிரித்தாள். அடித்தொண்டையில் தொடங்கி, இருமலில் போய் முடியும் சிரிப்பு.

"ஏய், கேமராவ நேராப் புடி. என் தொப்பதான் தெரியுது."

குரல் குழந்தையுடையது. பேச்சு, அந்த முதல் வீடியோவில் கடற்கரையில் கணவன் பேசியது. அப்போது மகள் பிறந்திருக்கவில்லை.

"யாருடி உனக்கு இதச் சொன்னா?"

கம்பியில்லாத மவுஸைக் கையில் எடுத்துக்கொண்டு, சுற்றிவந்து மகளின் எதிரே மண்டியிட்டாள். மவுஸை இடது பக்கம் அசைத்தாள். மகளின் கருவிழிகள் இடது பக்கம் நகர்ந்தன. வலது பக்கம். வலது பக்கம் நகர்ந்தன.

மவுஸ் கைநழுவி விழுந்தது.

ஓடிப்போய் கேபிளைப் பிடுங்கினாள். சிக்னல் இல்லை என்றது டிவி. மகள் நிறுத்தவில்லை. புது ஸ்கூட்டருக்கு விலை பேசினாள். யாருக்கோ பிறந்தநாள் பாட்டுப் பாடினாள். பிறகு மூச்சு கரகரத்தது. "அந்த ஃபேனக் கொஞ்சம் கொறயேன்மா. குளிருது."

இதை அவள் எந்த வீடியோவிலும் பார்த்ததில்லை. ஆனால் கேட்டிருந்தாள். வார்டில், கட்டிலருகே நின்று.

"கடைசி வீடியோ என்னடா?"

போனில் தம்பி குரலைத் தாழ்த்தினான். "ஆஸ்பத்திரியில எடுத்தது. பாப்பாவுக்கு ரெண்டு வார்த்த பேசுங்க மாமான்னு சொல்லித்தான் ஆரம்பிச்சேன். திடீர்னு அப்படி ஆனதும் ஆஃப் பண்ணத் தோணல. அழிக்கவும் மனசு வரலக்கா."

"எதுவரைக்கும் இருக்கு?"

"நீ அவர் கண்ண மூடினது வரைக்கும்."

அவள் நர்ஸ். பதினான்கு வருட வேலை. டாக்டர் வந்து சொல்வதற்கு முன்பே அன்று கை தானாக அவன் இமைகளுக்குப் போய்விட்டது. கட்டிய கணவன் என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. அதற்காக அவள் தன்னை இன்னும் மன்னிக்கவில்லை.

"எவ்ளோ நேரம் ஓடும்? சொல்லுடா!"

"ரெண்டு நிமிஷம் இருக்கும். ஏன்க்கா, என்னாச்சு?"

மடிக்கணினியை அறைந்து மூடினாள். மகளைத் தூக்கி உலுக்கினாள். உடம்பு கனத்தது. பெரிய ஆளின் கனம். அப்படியே மடியில் சரிந்தது.

ஒரு மூச்சு.

நீண்ட இடைவெளி.

இன்னொன்று. அரை மூச்சு.

"பாப்பா... பாப்பா, அம்மாவப் பாருடி."

வாய் திறந்தபடி நின்றது. கண்களும்.

அவளுடைய வலது கை உயர்ந்தது. அவள் உயர்த்தவில்லை. இடது கையால் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். நகம் பதிந்தது. ரத்தம் கசிந்தது. கை நிற்கவில்லை. நிதானமாக, பழகிய இதத்தோடு, இரண்டு விரல்கள் விரிந்து மகளின் இமைகளை நோக்கி இறங்கின.