அப்பாவின் கால்கள் வரவில்லை

"அம்மா, அப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல" என்றாள் மகள் மதிவதனி.

"வந்துரும்டி. லைன்ல ஏதோ கோளாறு."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. இன்னைக்குச் சமையலறையே வரல."

ஞாயிற்றுக்கிழமை நடந்த இந்தப் பேச்சு நான்கு நாட்களாகத் தமயந்தியின் மனத்தைப் பிசைந்துகொண்டிருந்தது. செவ்வாய்க் கோளின் செந்தடம் குடியிருப்பில் ஞாயிறும் வியாழனும் மாலை ஏழு மணி என்றால் வீட்டுவருகை நேரம். வீட்டின் வெளிச்சம், பேச்சு, தாளிப்பு வாசனை எல்லாவற்றையும் கூரையிலிருக்கும் இல்லப்பரப்பி அள்ளி மேலே ஏற்றும். சுற்றுப்பாதைக் கல்லூரியின் விடுதியில் இருக்கும் பிள்ளைகள், தங்கள் வீட்டுக் கூடத்தின் நடுவில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் படிக்கப் போவார்கள்.

ஏற்றுவேகம் நூறு என்றால் கறிவேப்பிலை வாசனைகூடப் போய்ச் சேரும். தமயந்தியின் வீட்டில் அது பதினொன்று. பத்துக்குக் கீழே இறங்கினால் வீட்டுவருகையைத் துண்டித்துவிடுவார்கள். படிப்பு முடியும்வரை இரண்டு வருடத்துக்கு எழுத்துக் கடிதம் மட்டும்தான். விடுதிக்குப் போன முதல் மாதம் சரியாகச் சாப்பிடாமல் துரும்பாக இளைத்த பெண். வீட்டைப் பார்க்காமல் எப்படி இருப்பாள்?

தமயந்தி தனக்குத் தெரிந்த வைத்தியத்தையெல்லாம் செய்துவிட்டாள். பாட்டுப் பெட்டியை நிறுத்தினாள். விருந்தாளிகளை வேண்டாம் என்றாள். "கூடத்துல பேசாதீங்க, லைன் தாங்காது" என்று கணவன் பரஞ்சோதியை உள்ளறையில் சாப்பிட வைத்தாள். வடதுருவத்தில் பனிக்கட்டி வெட்டி வண்டியில் கொண்டுவரும் அந்தச் சாதுவான மனிதனும் தட்டை எடுத்துக்கொண்டு போனான். வேகமோ வாராவாரம் இறங்கியது.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு இணைப்பு ஆய்வாளர் செல்வமேரி வந்தாள். கூரையேறிப் பார்த்தாள், கம்பியை இழுத்துப் பார்த்தாள். இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

"லைன்ல ஒரு கோளாறும் இல்லக்கா. எண்ணூறு வீட்டுக்கும் வானத்துல ஒரே பாதைதான். எந்த வீட்டுல புதுசா விஷயம் நடக்குதோ, அந்த வீட்டுக்குத்தான் பங்கீட்டுப்பொறி அகலமா வழிவிடும். சொன்னதையே சொன்னா கணக்குல எடுத்துக்காது. வேகம் கொறஞ்சதுன்னு நீங்க பேச்சைக் கொறச்சீங்க. நீங்க கொறச்சீங்கன்னு அது இன்னும் கொறச்சிருச்சு."

"அப்ப எங்க வீட்டுல..."

"நாலு மாசமா புதுசா ஒண்ணும் நடக்கலன்னு அது முடிவு பண்ணிருச்சு. வருத்தப்படாதீங்க, இந்தத் தெருவுல முக்கால்வாசி வீடு இப்படித்தான். அந்தக் காலத்துல பூமியில புருஷனும் பொண்டாட்டியும் ஒரே சோபாவுல உக்காந்து, ஆளுக்கொரு போனைப் பாத்துக்கிட்டு, நெட்டு மெதுவா இருக்குன்னு புகார் குடுப்பாங்களாம்."

"இப்ப என்ன செய்யணும்?" என்றான் பரஞ்சோதி.

"பேசுங்கண்ணே. அது இதுவரைக்கும் கேக்காத எதையாவது."

அவள் போனபோது ஏழுக்குப் பத்து நிமிடம் இருந்தது. இருவரும் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சுவரில் ஏற்றுவேக எண் பத்தரை என்றது.

"தண்ணி வந்துச்சா?" என்றான் அவன்.

எண் அசையவில்லை.

"வந்துச்சு. பருப்பு தீந்துபோச்சு."

பத்து புள்ளி இரண்டு.

"உன் இடுப்பு வலி?"

"அப்படியேதான் இருக்கு."

பத்து புள்ளி ஒன்று. பரஞ்சோதி தலையைச் சொறிந்தான். பெண் பார்க்க வந்த அன்றுகூட அவனுக்கு இவ்வளவு வியர்க்கவில்லை. தமயந்தி அவன் முகத்தைப் பார்த்தாள். காதோரம் முழுவதும் நரைத்திருந்தது. இது எப்போது?

கல்யாணமான வருடத்திலிருந்து அவள் கேட்காமலே வைத்திருந்த ஆசை ஒன்று இருந்தது. முதலில் வெட்கம் தடுத்தது. பிறகு குழந்தை, பிறகு மகளின் பள்ளிக்கூடம். பத்தொன்பது வருடத்தில் குடியிருப்பை மூடியிருக்கும் இந்தக் கூண்டுக் கூரையைத் தாண்டி அவள் ஓரடி வைத்ததில்லை.

"ஏங்க" என்றாள். "அடுத்த தடவை பனி வெட்டப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க. பக்கத்து சீட்டு சும்மாத்தானே கெடக்கு."

சுவரில் எண் பதினொன்றைத் தாண்டி ஏறத் தொடங்கியது.